எடைக்கு எடை

வெல்லம் குறைவாக இருக்கிறது என்பது அந்த வரிசையில் நின்றவர்களில் தணிகாசலத்துக்கு மட்டும்தான் தெரியும். அம்மனுக்கும் தெரியும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என நினைத்தார். காலடியில் இரண்டு சிப்பம் உருண்டை வெல்லம், சிப்பத்துக்கு முப்பது கிலோ. சாக்கின் இழைகளுக்கு நடுவே கசிந்திருந்த பாகில் ஒரு ஈ உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முன்னால், மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே, இரும்புச் சட்டத்திலிருந்து சங்கிலிகளில் தொங்கியது துலாபாரத் தராசு. இரண்டு பக்கமும் ஊஞ்சல் பலகை மாதிரி அகலமான மரத்தட்டு. ஒன்றில் பிள்ளையை உட்கார வைப்பார்கள், மற்றதில் வாழைப்பழமோ அரிசியோ வெல்லமோ, வேண்டிக்கொண்டது எதுவோ அது. இரண்டும் சமமாக நின்றதும் கற்பூரம் காட்டிப் பிள்ளையை இறக்கிவிட்டு, பொருளைக் கோயில் மடப்பள்ளிக்கு எடுத்துப் போவார்கள். இதில் என்ன பயம். ஆனால் பயமாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கண் தராசின் நடு முள்ளைத் தேடியது, சங்கிலிகள் ஒரே நீளமா என்று பார்த்தது, தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனியப் போனது. முத்திரை ஆய்வாளர் வேலை அப்படி. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிறவர். தட்டுக்கு அடியில் புளி உருண்டையை ஒட்டி வைத்தவர்களை, கட்டை விரலால் தட்டை அமுக்கியவர்களை எல்லாம் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார். சந்தையில் அவர் தலை தெரிந்தாலே, முத்திரை சார் வர்றார் என்று ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குச் செய்தி போகும். அந்த முத்திரை சார்தான் இப்போது குறைந்த எடையோடு அம்மன் சந்நிதியில் நிற்கிறார். யார் வந்து பிடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு.

இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள் முன்னால் இருந்தன. அதற்குள் ஏதாவது நடக்கலாம். மழை வரலாம் என்று நினைத்தார். மண்டபத்துக்குள் மழை வந்து என்ன ஆகப்போகிறது. திடீரென்று பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று திரையைப் போட்டு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லலாம். நாளைக்கு மட்டும் அவள் எடை குறைந்துவிடுமா. அவள் என்றால் சம்யுக்தா, அவருடைய ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். முன்னால் நின்ற பெண்ணின் தோளில் கிடந்த மொட்டைத் தலைக் குழந்தையிடம் நாக்கைத் துருத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். நீலப் பாவாடை, தாவணி. இதை அவளேதான் எடுத்தாள். ஜவுளிக்கடையில் விற்கிற பெண், இந்த உடம்புக்குத் தாவணி கட்டினால் இன்னும் பெரிசாத் தெரியும்மா, சுடிதார் எடுத்துக்க என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சம்யுக்தா, "பெரிசாத் தெரிஞ்சா என்னக்கா, தொலைஞ்சு போக மாட்டேன்ல" என்று சொல்லிவிட்டு அதையே மடித்துக் கட்டச் சொன்னாள். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், சாப்பிடும்போதும், அவள் தட்டில் தோசை எத்தனை விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிகம் விழுந்தால் ஒரு பயம். குறைவாக விழுந்தால் அதைவிடப் பெரிய பயம். போன வருஷத்துக்குப் பிறகு அவருடைய பயத்துக்கு இரண்டு தலை முளைத்திருந்தது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. கயிறு இழுக்கும் போட்டி. பி.டி. மாஸ்டர் மைக்கில், "ஏம்மா சம்யுக்தா, நீ கடைசி ஆளா நில்லு. நம்ம நங்கூரம் நீதான். உன்னை எவன் அசைப்பான்?" என்றாராம். மைதானமே சிரித்ததாம். அவளும் போய்க் கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சாய்ந்து இழுத்து, இவர்கள் அணிதான் ஜெயித்தது. கையெல்லாம் கயிறு அறுத்த கோடு. சான்றிதழைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்பது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது, யாருக்காவது கொடுத்துவிடுவாள். காலையில் அவசரமாகப் போகும்போது, ஸ்கூல்ல பார்த்துக்கறேம்மா. ராத்திரியில், ட்யூஷன்ல ரிஃபானா பிரியாணி கொண்டு வந்தாம்மா. அவர் மனைவி வளர்மதி பெருமையாகச் சொன்னாள், பிள்ளை இளைச்சுட்டு வருது பார்த்தீங்களா என்று. அவரும் பார்த்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டார், அதுதான் இப்போது நினைத்தால் நெஞ்சைப் பிராண்டுகிறது. மகள் பட்டினி கிடந்து உருகிக்கொண்டிருக்கிறாள், அப்பன் கழுத்து எலும்பு தெரிகிறது என்று சந்தோஷப்படுகிறான். பிறகு ஒரு நாள் காலை வணக்கத்தில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். நெற்றியில் தையல். அந்தத் தழும்பு இப்போதும் புருவத்துக்கு மேலே இருக்கிறது, விபூதி வைக்கும்போது அதில் ஒரு துளி தங்கிவிடும். இன்றும் தங்கியிருந்தது. இப்போது இந்தத் தராசில் இத்தனை பேர் பார்க்க அவள் உட்கார்ந்து, தட்டு எழும்பாமல், யாராவது ஒருத்தன் அந்த மைக் மாஸ்டர் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? மறுபடியும் டப்பா காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தால்? சொல்ல விடக்கூடாது. ஆனால் எழும்பாமல் போவதற்கு வழி பண்ணி வைத்திருப்பதே அவர்தானே.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. மாத்திரை போட்டீங்களா?" என்றாள் வளர்மதி. கையில் தேங்காய், பழம், கற்பூரத்தோடு தாம்பாளம். போட்டேன் என்றார். "முகம் ஏன் இப்படி இருக்கு?" ஒண்ணுமில்ல, வெக்கை என்றார். ஒண்ணுமில்ல. இதே அம்மனிடம் வேண்டிக்கொண்ட அன்று அவருக்கு ஒன்றுமே இல்லைதான். சம்யுவுக்கு நாலு வயசு முடியவில்லை. என்ன காய்ச்சல் என்று டாக்டர்கள் பெயர் கண்டுபிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரி வார்டில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். நடந்தால்தான் அழாமல் இருப்பாள். தோளில் பிள்ளை கிடக்கிற மாதிரியே இருக்காது, நனைத்துப் பிழிந்த துண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். பிறகு அழுகையும் நின்றுவிட்டது. அது நின்றபோது அவரும் நின்றார். மருந்து அலமாரிக் கதவில் யாரோ ஒட்டியிருந்த நாள்காட்டியில் அம்மன் படம், ஓரம் கிழிந்து, மேலே ஒரு ஊசி மருந்துக் கம்பெனியின் பெயரோடு. அதைப் பார்த்துச் சொன்னார். தாயே, இவளைக் கொடுத்துடு, எடைக்கு எடை வெல்லம் தர்றேன். எடையைத் தவிர வேறு எதை வைத்து வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது. விடியும்போது பிள்ளை கண்ணைத் திறந்து, பசிக்குதுப்பா என்றது. அதைவிட அழகான சொல்லை அதற்கு முன்னும் பின்னும் அவர் கேட்டதில்லை. பசிக்குதுப்பா. இப்போது பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே குரல் அதே சொல்லைச் சொன்னால் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்போதானே சாப்பிட்டே என்கிறார். எப்போது இப்படி ஆனது. எந்த நாளில், எந்த வேளையில் அந்தச் சொல் கசந்தது.

உடனே நிறைவேற்றியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்து, தட்டில் உட்கார வைத்து, ஒரு கூடை வெல்லத்தோடு முடித்திருக்கலாம். வளர்மதிதான், "எலும்பும் தோலுமாக் கொண்டுபோய் அம்மன் முன்னால உட்கார வைக்கறதா? ஒரு பிடி வெல்லத்தைக் கொடுத்து ஏமாத்தற மாதிரி இருக்கும். தேறட்டும், நிறைவா செய்யலாம்" என்றாள். அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. இவ்வளவு பெரிய வரத்துக்கு அவ்வளவு சின்ன எடையா. தேறட்டும். தேற வைத்தார்கள். பாலில் சத்து மாவு, சாதத்தில் நெய், நடுவில் முட்டை, தூங்கப் போகும் முன் வாழைப்பழம். ஒரு வாய், அப்பாவுக்காக ஒரு வாய், அம்மனுக்காக ஒரு வாய். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் நின்று கிரீம் பன் வாங்காமல் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வருவாளே, அந்த ஓட்டத்துக்காக. கன்னம் வந்தது, தொடை வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் கிள்ளினார்கள். வருஷா வருஷம், இந்த ஆடிக்குப் போகலாம், இன்னும் கொஞ்சம் தேறட்டும். எது தேறுதல், எது அதற்கு மேல் என்று கோடு போட்டுக் காட்ட எந்தத் தராசிலும் முள் இல்லையே. கன்னத்தைக் கிள்ளிய அதே விரல்கள் ஒரு நாள் நீண்டு புத்தி சொல்ல ஆரம்பித்தன. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க தணிகாசலம், பொம்பளைப் பிள்ளை. அதன்பிறகு வேண்டுதலைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமல் விட்டதை அம்மன் மறந்திருப்பாள் என்று எப்படி நம்பினார்கள். கடைசியில் சம்யுக்தாதான் அம்மாவின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள். "எனக்காக வேண்டிக்கிட்டீங்க, என்கிட்டயே சொல்லலையா? எப்போ போறோம்?" என்று கேட்டாள். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. சாக்குகளை இழுத்து வைத்தார். இழுக்கும்போதே கை சொன்னது, அறுபதுதான், அறுபதுக்கு மேல் ஒரு உருண்டைகூட இல்லை. வெல்ல மண்டியில் அன்றைக்கு என்ன ஆயிற்று அவருக்கு. மண்டிக்காரர் சோணைமுத்து, வழக்கமாக ஆண்டுக்கொரு முறை அவரிடம் முத்திரை வாங்குகிறவர், நாற்காலி போட்டு உட்கார வைத்து, "துலாபாரமா சார்? பாப்பாவுக்கா? எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். மண்டியில் நாலு பேர் இருந்தார்கள், சுமை தூக்குகிறவர்கள், ஒரு ஓட்டல்காரர். தணிகாசலத்துக்குச் சரியான எண் தெரியும். டாக்டரம்மாவின் அறையில், மிஷினின் சிவப்பு எழுத்தில், தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். அந்த எண் தொண்டை வரை வந்தது. வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. "ரெண்டு சிப்பம் போதும்" என்றார். சோணைமுத்து ஒரு நொடி யோசித்தார். "ப்ளஸ் ஒன் படிக்குதுல்ல... சரி, முத்திரை சார் கணக்கு தப்புமா!" என்று சொல்லி ஏற்றிவிட்டார். யாருக்காகப் பொய் சொன்னேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்காக, அவள் மானத்துக்காக என்று முதலில் சொல்லிக்கொண்டார். அவள் அங்கே இல்லவே இல்லையே. ஓட்டல்காரருக்கு அவள் யார். வெட்கப்பட்டது யார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள்தானே, சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்க, சர்க்கரை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு. மகளின் எடையை ஒளித்த கை யாருடைய எடையை ஒளித்தது.

அவளுக்கு வெட்கம் இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த மயக்கத்துக்குப் பிறகு டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துத்தான் பேசினார். "இவ இன்னும் வளர்ற பிள்ளை. பட்டினி வேண்டாம். இவளை மட்டும் மாத்தணும்னா முடியாது, வீடு மாறணும். வீட்டுக்குள்ள எது வருதுன்னு பாருங்க. எல்லாரும் நடங்க" என்றார். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். மாறியது சம்யுக்தாதான். பேருந்தை விட்டுவிட்டு சிநேகிதி ரிஃபானாவோடு பள்ளிக்கு நடந்து போக ஆரம்பித்தாள். கலர் பாட்டிலை வீட்டுக்குள் விடுவதில்லை. எறிபந்து அணியில் சேர்ந்தாள், தானாகப் போய்க் கேட்டு. நங்கூரம் கதையை இப்போது அவளே நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறாள். உயிரியல் வகுப்புக்காக அவளும் ரிஃபானாவும் வகுப்பில் எல்லோரையும், பெயர் போடாமல், உடம்பு எடையைப் பற்றி எழுதிப் போடச் சொன்னார்களாம். ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்: "எல்லாருக்கும் எல்லாம் தெரியும்ப்பா. பப்ஸ் கெடுதல், கூல்டிரிங்க்ஸ் கெடுதல், ஓடியாடி விளையாடணும், நல்லாத் தூங்கணும். தெரியாம யாரும் குண்டாகறதில்ல. ட்யூஷன் முடிஞ்சு வரும்போது எட்டு மணி. பசி. வழியில இருக்கறது பேக்கரி மட்டும்தான். பி.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கறார். நாங்க எப்போப்பா ஓடறது?" அவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "இன்னொண்ணு. கிண்டல் பண்ணுனா ரோஷம் வந்து இளைச்சிடுவாங்கன்னு நினைக்கறது பெரியவங்க மட்டும்தான். எங்க வகுப்புல ஒருத்தர்கூட அப்படி எழுதல. எழுதினது எல்லாம், ஒளிஞ்சு சாப்பிடுவேன், ஒளிஞ்சு சாப்பிடுவேன்னுதான்." பிறகு அவள் தன் தட்டைப் பார்த்தாள், அவர் பார்வை அங்கே இருப்பதைப் பார்த்தாள். "அப்பா, என் சப்பாத்தியை நானே எண்ணிக்கறேன். உங்க அலமாரில லட்டு டப்பா இருக்குல்ல, அதை நீங்க எண்ணுங்க" என்றாள். வளர்மதிக்குப் புரையேறிவிட்டது. அவருக்கு முதலில் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ இளகியது. பயத்தை இப்படி எடுத்து மேசை மேல் வைக்க யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் இல்லை. வளர்மதி இல்லை. எங்கிருந்தோ வந்திருக்கிறது, வந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அன்று லட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். அன்றிலிருந்து அவளோடு காலையில் பெரிய கண்மாய்க் கரை வரை நடக்கிறார். அவள் முன்னால் போவாள். திரும்பிப் பார்த்து, "வாங்க முத்திரை சார், கடையெல்லாம் மூடிடப் போறாங்க" என்பாள். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான். அந்த நேரம் போய்விடுமோ என்பதுதான் இப்போது, இந்த வரிசையில், சாக்குகளுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்து உலுக்கியது.

முன்னால் நின்ற பெண்ணின் குழந்தையைத் தட்டில் வைத்தார்கள். எதிர்த்தட்டில் வாழைத்தார். குழந்தை வீறிட்டது, சம்யுக்தா ஓடிப்போய் எதிரே குனிந்து நின்று மறுபடி நாக்கைத் துருத்தினாள், அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது. துலாபாரத்தைக் கவனிக்கிற ஆள், தோளில் ஈரத்துண்டு போட்டவர், முள் நிற்காமல் ஆடியபோது சங்கிலியைக் கையால் பிடித்து நிறுத்தினார். தணிகாசலத்துக்கு மூச்சு வந்தது. கையால் பிடிக்கிறார். அப்படியென்றால் பிடிக்கலாம், அமுக்கலாம். போய் அவர் காதில் சொல்லிவிட்டால்? அண்ணே, பொண்ணு கொஞ்சம் கூச்சப்படுவா, பார்த்து முடிச்சு விடுங்க. இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டார். கட்டை விரலால் தட்டை அமுக்கியதற்காக எத்தனை பேருக்கு அபராதம் போட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, கால் நின்றது. அதற்குள், "அடுத்து யாரு? வெல்லமா? வாங்க வாங்க, பாப்பா எங்கே?" என்றார் துண்டுக்காரர். "நான்தாண்ணே பாப்பா" என்று சம்யுக்தா தாவணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்த் தட்டில் உட்கார்ந்தாள். தட்டு தடாலென்று கல்தரையைத் தொட்டது. வரிசையில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது, அல்லது இருமியிருக்கலாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு சிப்பத்தையும் எதிர்த்தட்டில் ஏற்றினார்கள். சங்கிலி கிறீச்சிட்டது. அவ்வளவுதான். அவள் பக்கம் அசையவில்லை. பாதம் தரையில் படிந்தபடி, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். கயிறு இழுக்கும் மைதானம் அவர் காதுக்குள் இரைந்தது. துண்டுக்காரர் நல்ல மனுஷர், வயசுப் பெண் என்று பார்த்திருப்பார். வெல்லத்தட்டின் சங்கிலியில் உள்ளங்கையை வைத்துக் கீழே ஒரு அழுத்து அழுத்தி, "ஆச்சு, ஆச்சு, சரியாப்போச்சு, கற்பூரத்தைக் காட்டிரலாம்" என்றார். "அண்ணே, கையை எடுங்க" என்றாள் சம்யுக்தா. சந்தையில் தான் பேசுகிற குரல் தன் மகளின் வாயிலிருந்து வந்ததைத் தணிகாசலம் கேட்டார். "என் தட்டு இன்னும் தரையிலதான் இருக்கு. நீங்க அமுக்குனா எழும்புது, விட்டா இறங்குது."

"அப்பா, எவ்வளவு வாங்குனீங்க?" ரெண்டு சிப்பம், என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. ரெண்டு சிப்பம்மா. அவள் கணக்குப் போட்டாள், உதடு அசைந்தது. அவரைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. மண்டி, நாற்காலி, ஓட்டல்காரர், தொண்டையிலிருந்து திரும்பிப் போன எண், எல்லாமே. இப்போது எழுந்து போய்விடுவாள். முகம் சுண்டி, தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடி, காரில் ஏறி, நாளைக்கு டப்பா காலியாக. தாயே, என்றார் உள்ளுக்குள், வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றாமல். "சொல்றதுக்கு வெட்கமா இருந்துச்சாப்பா?" என்றாள் அவள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. அவர் தலையை ஆட்டினார். ஆமா என்றா, இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு நிழல் வந்தது. வந்தது, அவர் அதைப் பார்த்தார், பிறகு அது கடந்து போவதையும் பார்த்தார். "எனக்கும்தான் இருந்துச்சு, வரிசையில நிக்கும்போது" என்றாள். பிறகு சத்தமாக, "போய் மிச்சத்தை வாங்கிட்டு வாங்க. நான் இறங்க மாட்டேன். இங்கேயே உக்காந்திருக்கேன்." துண்டுக்காரர், "அடுத்த ஆளு நிக்குதும்மா" என்று தலையைச் சொறிந்தார். அந்தக் குழந்தைக்காரி முன்னால் வந்து, "நிக்கட்டும்ண்ணே, சாமி காரியம். அதையா அரைகுறையா முடிக்கறது?" என்று அதட்டினாள். குழந்தையைத் தூக்கிச் சம்யுக்தாவின் மடியில் போடப் போனாள். "ஐயோ அக்கா, இவன் எடைக்கும் எங்கப்பா வெல்லம் வாங்கணும்!" என்று அவள் அலறியபோது வரிசை முழுவதும் சிரித்தது. தாம்பாளத்தோடு நின்ற வளர்மதியும் சிரித்தாள். அது எந்த மைதானத்துச் சிரிப்பும் இல்லை என்று தணிகாசலத்துக்குக் காலில்தான் முதலில் புரிந்தது, ஏனென்றால் கால்கள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தன.

கோயில் வாசலை ஒட்டிய பூஜைச் சாமான் கடையில் மூச்சு வாங்க நின்றார். உருண்டை வெல்லம், பதினாலு கிலோ என்றார். "துலாபாரத்துக்கா சார்? குறைஞ்சு போச்சா?" என்றார் கடைக்காரர். ஆமா, என் பொண்ணுக்கு என்றார். போதாது என்று பட்டது. "எழுபத்தி நாலு கிலோ" என்றார், யாரும் கேட்காமல். எண் வெளியே வந்து காற்றில் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் சாக்கைப் பிரித்து உருண்டைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "நல்லாருக்கட்டும்" என்றார், வெல்லத்தைப் பார்த்தபடியே. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க மறந்துபோனது தணிகாசலத்துக்கு. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், ஆள் விடட்டுமா சார் என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். தோளுக்கு அந்தக் கனம் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் இரவெல்லாம் சுமந்து நடந்த கனம் இதுதான், கூட ஒரு கிலோ இருக்கலாம், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் மொத்தமும் இவ்வளவுதான் இருந்தாள். இதைத்தான் கொடு, இது போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அந்தக் கிழிந்த படத்தைப் பார்த்துக் கெஞ்சினார். இதற்கு மேல் வந்த ஒவ்வொரு கிலோவும் அவர் கேட்காமல் வந்தது. கேட்காமல் வந்ததில் பாதியை அவர் கிரீம் பன்னில் ஏற்றினார், சரி. கொஞ்சத்தை அவள் நடந்து இறக்குவாள், அதுவும் சரி, இறக்கினாலும் இறக்காவிட்டாலும் நாளைக் காலை கண்மாய்க் கரையில் அவள் முன்னால் போவாள். ஆனால் இந்தத் தோள் மூட்டையைத்தானே மண்டியில் ஒளித்தார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதையா. கண் கரித்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்தார், விழுந்துவிடும் என்பது போல.

மண்டபத்தில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தட்டில் சாய்ந்துகொண்டு குழந்தைக்காரியோடு ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தாள், பிரசாதப் பொங்கலில் நெய் அதிகமா முந்திரி அதிகமா என்று. "நான் ஒரு கை சாப்பிடுவேன்க்கா. எங்கப்பாவுக்குத்தான் கிடையாது, அவருக்குச் சுகர்." துண்டுக்காரர் பையை வாங்க வந்தார். நானே வைக்கிறேன் என்றார் தணிகாசலம். ஒவ்வொரு உருண்டையாக எடுத்து வைத்தார். வெல்ல வாசனை கையெல்லாம் ஏறியது. முள் மெதுவாக நகர ஆரம்பித்தது. தரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது, அது அகலமாயிற்று. அவள் பாதங்கள் கல்லை விட்டு எழும்பின, முதலில் குதிகால், பிறகு விரல்கள். "ஏய், ஏறிட்டேன்!" என்றாள், நாலு வயசுக் குரலில். முள் நடுவில் நின்றது. அவர் வாழ்க்கையில் எத்தனையோ முட்களை இப்படி நிற்க வைத்திருக்கிறார், அங்கேயே கையை எடுத்துவிடுவார், ஒரு பொட்டுக்கூட அந்தப்புறம் போக விடமாட்டார். பைக்குள் இன்னும் இரண்டு உருண்டை இருந்தன. கடைக்காரர் கைதவறிப் போட்டிருக்க வேண்டும். அவற்றையும் எடுத்து வைத்தார். தராசு சாய்ந்தது. அவள் விருட்டென்று மேலே போனாள், தாவணி பறக்க, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு. "அப்பா, அதிகமாயிடுச்சு! எடுங்க, எடுங்க, முள்ளைப் பாருங்க!"

"இருக்கட்டும்மா" என்றார் தணிகாசலம். "கொசுறு."